தராசுக்கும் கருவிக்கும் இடையே: புளூடூத் இணைப்பு உறுதிசெய்வனவும் உறுதிசெய்யாதனவும்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசி, காதொலிக் கருவி, கைக்கடிகாரம், மருத்துவ அளவி, எடைத்தராசு முதலிய அன்றாடப் பொருள்களைக் கம்பியின்றி இணைக்கும் புளூடூத் தொழில்நுட்பத்தின் செயல்முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் மின்னணுத் தராசும் விற்பனை முனையக் கருவியும் இத்தொழில்நுட்பத்தால் இணைக்கப்பட்டு வருவது இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஒரு செய்தி இரு கருவிகளுக்கிடையே மாறாமல் சென்றது என்பதும், அச்செய்தி உண்மையானது என்பதும் வேறுவேறு. முன்னதையே புளூடூத் உறுதிசெய்ய இயலும். பின்னதற்கு அது பொறுப்பேற்பதில்லை என்பது இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: புளூடூத், ஊடலை, அதிர்வெண் தாவல், இணைசேர்ப்பு, மறையாக்கம், விற்பனை முனையக் கருவி, நியாய விலைக் கடை, எடையளவு.

முன்னுரை

மதுரை மாநகரின் இரு கரைகளை இணைக்கும் ஏ.வி. பாலம் 1886ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அப்பாலத்தின் வழியே வைகையைக் கடந்து வடகரையில் இறங்குவோர் அடையும் சந்திப்பே கோரிப்பாளையம். கல்லறையைக் குறிக்கும் 'கோர்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். அங்குள்ள தர்கா அக்கருத்துக்கு அரணாக நிற்கிறது. அரசு இராசாசி மருத்துவமனை, அமெரிக்கன் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி ஆகியன நடந்து செல்லும் தொலைவில் இருப்பதால் நோயாளிகளும் மாணவர்களும் பேருந்துக்குக் காத்திருப்போரும் எந்நேரமும் நெருங்கி நிற்கும் இடம் அது.

இந்த நெரிசல் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு நெரிசலும் அங்கு உண்டு. பேருந்தில் பாட்டுக் கேட்கும் மாணவரின் காதுக்கும் சட்டைப் பைக்கும் இடையே ஓர் இணைப்பு. தலைக்கவசத்துக்குள் பேசிக்கொண்டே செல்லும் இருசக்கர வண்டியோட்டிக்கு மற்றோர் இணைப்பு. இதயத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரத்துக்கு வேறோர் இணைப்பு. இவை அனைத்தும் ஒரே அதிர்வெண் பட்டையில், ஒரே நேரத்தில், ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன. இவை ஏன் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பது முதல் வினா. குழம்பாமல் சென்று சேர்ந்த செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாம் வினா. பாட்டுக் கேட்பவருக்கு இரண்டாம் வினா பெரிதன்று. நியாய விலைக் கடையில் 20 கிலோ அரிசிக்காக வரிசையில் நிற்பவருக்கு அது பெரிது.

புளூடூத் அல்லாதவை

கம்பியின்றி நிகழ்வதெல்லாம் புளூடூத் என்று எண்ணும் வழக்கம் பரவலாக உள்ளது. தேநீர்க் கடையில் பணம் வந்து சேர்ந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இதற்கு நல்ல சான்று. பணம் செலுத்துபவர் பெட்டிக்கு மூன்றடி தள்ளி நிற்கிறார்; ஆதலால் அவரது கைப்பேசியே பெட்டியிடம் பேசுகிறது எனத் தோன்றும். உண்மையில் அச்செய்தி கைப்பேசிக் கோபுரம் வழியாக எங்கோ ஒரு நகரிலுள்ள வங்கி வழங்கிகளுக்குச் சென்று, கணக்கில் பதிவாகி, பெட்டிக்குள் இருக்கும் சிம் அட்டையின் வழியே திரும்புகிறது. மூன்றடியைக் கடப்பதற்கு அது ஊர் சுற்றி வருகிறது. இந்தச் சுற்று வீண் அன்று. பணம் வந்ததற்கு வங்கிதான் சாட்சி, கைப்பேசி அன்று.

கப்பலூர் சுங்கச்சாவடியில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள பாஸ்டேக் வில்லையும் புளூடூத் அன்று. அதில் மின்கலமே இல்லை. சாவடியின் அலைவாங்கி 865 முதல் 867 மெகாஹெர்ட்சு வரையிலான பட்டையில் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, அவ்வலையை மாற்றித் திருப்பி அனுப்பித் தன் எண்ணை அது தெரிவிக்கிறது. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை 13.56 மெகாஹெர்ட்சில், சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டும் பேசுகிறது. வைஃபை புளூடூத்தின் பட்டையையே பகிர்ந்துகொள்வது. எனினும் மிகுந்த ஆற்றலில் மிகுந்த தரவை ஒரு வீடு முழுமைக்கும் கொண்டுசெல்லும் நோக்கமுடையது. புளூடூத்தின் நோக்கம் இவற்றைவிட எளியது. ஒரு கம்பியின் இடத்தை நிரப்புவதே அதன் தொடக்கக் குறிக்கோள்.

தோற்றமும் பெயரும்

சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் லுண்டு ஆய்வகத்தில் 1994ஆம் ஆண்டு இதற்கான பணி தொடங்கியது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாத்திசன் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். கணினியையும் அதன் துணைக் கருவிகளையும் இணைத்து வந்த தொடர்வரிசைக் கம்பிக்கு மாற்றுக் காண்பதே அவர்கள் முன்னிருந்த சிக்கல். 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி ஒரு பொதுக் குழுமத்தை அமைத்தன. 1999இல் முதல் வரையறை வெளிவந்தது. ஒரு நிறுவனத்தின் காதொலிக் கருவி மற்றொரு நிறுவனத்தின் கைப்பேசியோடு பேசுவது இந்தக் கூட்டுடன்பாட்டின் பயன்.

புளூடூத் என்பது 10ஆம் நூற்றாண்டு டென்மார்க்கு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர். பிளவுண்ட மக்களை ஒன்றிணைத்தவர் என்ற புகழுடைய அவர் பெயரைத் தற்காலிகக் குறியீடாக 1997இல் பரிந்துரைத்தவர் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக். நிலையான பெயர் வேறொன்று அமையாமற்போகவே தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. மன்னரின் பெயர் முதலெழுத்துகளுக்குரிய இரு பழைய நோர்டிக் எழுத்துகளைப் பின்னியதே இன்று கருவிகளில் காணப்படும் சின்னம்.

தமிழில் இதற்கு 'ஊடலை' என்னும் சொல் வழங்கி வருகிறது. ஊடு, அலை என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. அகப்பொருள் பயின்றவர் கண்ணுக்கு அது 'ஊடல்' என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமாகவும் தோன்றாமல் இராது. நேற்றுவரை இணைந்திருந்த கருவி இன்று காரணம் சொல்லாமல் முகம் திருப்பிக்கொள்ளும்போது அந்தப் பொருளும் பொருந்தவே செய்கிறது. வைஃபைக்கு வழங்கும் 'அருகலை' என்பதே உண்மையில் புளூடூத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும் சொல். அருகில் இருத்தல் வைஃபையைவிட இதற்கே இன்றியமையாத இயல்பு. ஆயினும் வழக்கில் ஊன்றிய சொற்களை இடம்மாற்றுவதால் குழப்பமே மிஞ்சும். இக்கட்டுரை பெருவழக்காகிவிட்ட 'புளூடூத்' என்பதையே கையாள்கிறது.

உரிமம் வேண்டாத பட்டை

புளூடூத் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்சு வரையிலான பட்டையில் இயங்குகிறது. தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாடுகளுக்கென உலகளவில் ஒதுக்கப்பட்ட பட்டை இது. நுண்ணலை அடுப்பும் இதே பட்டையில்தான் உணவைச் சூடாக்குகிறது. இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் 1980கள் வரை நீடித்தது. 2.4 கிகாஹெர்ட்சு பட்டையில் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என 2005ஆம் ஆண்டு மைய அரசு விதி வகுத்தது. எவரும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பதன் மறுபக்கம், எவரும் அப்பட்டையைத் தமக்கே உரியதாகக் கோர முடியாது என்பது. கோரிப்பாளையத்துக் கடைத் தெருவைப் போன்றதே அது. அனைவருக்கும் வழி உண்டு, எவருக்கும் தனிவழி இல்லை.

இத்தகைய பொதுவெளியில் செய்தி அனுப்பப் புளூடூத் கையாளும் வழி அதிர்வெண் தாவல் எனப்படும். ஒரே தடத்தில் நின்று பேசாமல், முன்பே உடன்பட்ட வரிசையில் தடம் மாறி மாறிப் பேசும் முறை இது. இதன் ஆதி வடிவங்களுள் ஒன்று 1942ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை ஒன்றில் காணப்படுகிறது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் அதன் உரிமையாளர்கள். நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானொலிக் குறிப்பைப் பகைவர் தடுக்காதிருக்க, பியானோவின் கட்டைகளைப் போல 88 அதிர்வெண்களுக்கிடையே தாவும் ஏற்பாட்டை அவர்கள் முன்மொழிந்தனர்.

புளூடூத்தின் பழைய வடிவில் 79 தடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்சு அகலமுடையது. இணைந்த இரு கருவிகளும் நொடிக்கு 1600 முறை தடம் மாறுகின்றன. ஒரு தடத்தில் நிற்கும் நேரம் 625 மைக்ரோநொடி. ஒரு தெருவில் 79 தேநீர்க் கடைகள் இருப்பதாகவும், இரு நண்பர் ஒவ்வொரு கடையிலும் ஒரு சொல் மட்டும் பேசிவிட்டு அடுத்த கடைக்கு ஓடுவதாகவும் கொண்டால் இது விளங்கும். எந்தக் கடைக்குப் பின் எந்தக் கடை என்பது அவ்விருவருக்கு மட்டும் தெரியும். மற்றோர் இணையர் அதே தெருவில் வேறு வரிசையில் ஓடுகின்றனர். எப்போதாவது இரு இணையரும் ஒரே கடையில் மோதிக்கொண்டால் ஒரு சொல் மட்டும் கெடும். அதை அடுத்த கடையில் மீண்டும் சொன்னால் போதும். ஓடும் வரிசையை வகுப்பது இணைப்பைத் தலைமை தாங்கும் கருவியின் முகவரியும் கடிகாரமும் ஆகும். ஒரு தலைமைக் கருவியின்கீழ் ஏழு துணைக் கருவிகள்வரை ஒரே நேரத்தில் இயங்கலாம்.

2003இல் வெளிவந்த பதிப்பு இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. வைஃபை போன்றவை ஓயாமல் நிரப்பி வைத்திருக்கும் தடங்களைக் கருவிகளே கண்டறிந்து, அவற்றைத் தாண்டிச் செல்லும். கூட்டம் மிகுந்த கடைகளைத் தவிர்த்து ஓடுவது போன்றது இது. 2010இல் வந்த குறையாற்றல் வடிவம் தடங்களை 40ஆகக் குறைத்து ஒவ்வொன்றையும் 2 மெகாஹெர்ட்சாக அகலப்படுத்தியது. அவற்றுள் மூன்று தடங்கள் கருவிகள் தம் இருப்பை அறிவிப்பதற்கென ஒதுக்கப்பட்டவை. வைஃபை பெரிதும் பயன்படுத்தும் தடங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் அவை அமைந்துள்ளன. இவ்வடிவில் கருவி பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, பேச வேண்டிய நொடியில் மட்டும் விழிக்கும். பொத்தான் மின்கலம் ஒன்றைக் கொண்டு குருதிச் சர்க்கரை அளவியோ வெப்பமானியோ பல மாதங்கள் இயங்குவது இதனால்தான்.

குறுமையின் பயன்

புளூடூத்தின் எல்லை குறுகியது என்பதைக் குறைபாடாகச் சொல்வோர் உளர். அது குறைபாடன்று, வடிவமைப்பு. கைப்பேசிகளிலும் சிறு கருவிகளிலும் பெரிதும் வழங்கிய இரண்டாம் வகுப்பு அலைபரப்பியின் உச்ச ஆற்றல் 2.5 மில்லிவாட்டு, எட்டும் தொலைவு ஏறத்தாழ 10 மீட்டர். 100 மில்லிவாட்டு ஆற்றலுடைய முதல் வகுப்பு 100 மீட்டரையும், 1 மில்லிவாட்டு உடைய மூன்றாம் வகுப்பு ஒரு மீட்டர் அளவையும் எட்டும். பேச்சு மெதுவாக இருப்பதால்தான் ஒரே பேருந்தில் இருபது இணையர் பேச முடிகிறது. ஒவ்வொருவரும் கூவினால் எவர் பேச்சும் எவருக்கும் கேளாது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாளில், கூட்டத்தின் மிகுதியால் கைப்பேசி அழைப்புக் கிடைக்காமல் போவதுண்டு. அந்நேரத்திலும் ஒருவர் காதிலுள்ள கருவி அவர் கைப்பேசியோடு பேசிக்கொண்டே இருக்கும். முன்னது ஒரு கோபுரத்தைப் பல்லாயிரவர் பகிர்வது. பின்னதற்குக் கோபுரமே இல்லை.

இப்பட்டையின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். நீர் இவ்வலையை உறிஞ்சும். மனித உடல் பெரும்பகுதி நீரே. கைப்பேசி இடப்பக்கப் பையிலும் அதனோடு பேசும் கருவி வலக்காதிலும் இருக்கும்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்பதற்கு இதுவே காரணம். உடல் தடுக்கிறது என்னும் இந்தச் சிறு செய்தி, பின்னர் ஒரு பெருந்தொற்றுக் காலத்தில் பெரும் சிக்கலாயிற்று.

2020 ஏப்ரல் 2 அன்று வெளியிடப்பட்ட ஆரோக்கிய சேது செயலி புளூடூத்தையும் இடங்காட்டியையும் கொண்டு, தொற்றுற்றவர் அருகில் யார் யார் இருந்தனர் என்பதைக் கண்டறிய முனைந்தது. சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலி அதற்குச் சில நாள் முன்னர் வந்தது. இவை அனைத்தும் வந்துசேரும் அலையின் வலிமையைக் கொண்டு தொலைவை ஊகித்தன. வலிமை குறையக் காரணம் தொலைவு மட்டுமன்று. அருகில் நிற்பவர் கைப்பேசியைப் பின்பையில் வைத்திருந்தால் அவர் தொலைவில் இருப்பவராகத் தோன்றுவார். மெல்லிய சுவருக்கு அப்பால் வேறு வீட்டில் இருப்பவர் அருகிலிருப்பவராகத் தோன்றுவார். அலை எட்டியது என்பது உண்மை. அருகில் இருந்தார் என்பது ஊகம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் பிழையே நியாய விலைக் கடைத் தராசிலும் வேறு வடிவில் எழுகிறது.

இணைசேர்ப்பு

இரு கருவிகள் முதன்முறை சந்திக்கும்போது தமக்குள் ஓர் இரகசிய எண்ணை ஏற்படுத்திக்கொள்கின்றன. இதுவே இணைசேர்ப்பு. தொடக்கக் காலப் பதிப்புகளில் பயனர் இரு கருவிகளிலும் ஒரே கடவெண்ணை இட வேண்டியிருந்தது. திரையோ விசைப்பலகையோ இல்லாத கருவிகளுக்கு ஆலையிலேயே 0000 அல்லது 1234 என்னும் எண்ணைப் பதித்து அனுப்பினர். உலகறிந்த இரகசியம் இரகசியம் ஆகாது. 2007இல் வந்த 2.1ஆம் பதிப்பு இதனை மாற்றியது. இரு கருவிகளும் பிறர் கேட்கும்படியே சில எண்களைப் பரிமாறிக்கொண்டு, கேட்டவர் கணக்கிட இயலாத பொதுத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ளும் கணித முறை அதில் இடம்பெற்றது. நடுவில் வேறொருவர் புகுந்து இருபுறமும் நடிக்காமல் தடுக்க, இரு திரைகளிலும் தோன்றும் ஆறிலக்க எண் ஒன்றே எனப் பயனர் ஒப்பிட்டு ஒப்புதல் தர வேண்டும்.

ஒரு கருவியில் திரை இல்லையெனில் ஒப்பிட வழியில்லை. அத்தகைய கருவிகளுக்கு ஒப்பீடின்றி இணையும் எளிய முறை ஒன்று விடப்பட்டுள்ளது. பிறகு ஒட்டுக்கேட்பதை அது தடுக்கும். முதல் சந்திப்பிலேயே ஆள்மாறாட்டம் நிகழ்ந்தால் தடுக்காது. 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய நாப் என்னும் தாக்குதல் மற்றொரு குறையைக் காட்டியது. திறவுகோலின் நீளத்தைக் கருவிகள் பேசி முடிவுசெய்யும் கட்டத்தில் குறுக்கிட்டு, அதனை ஒரு பைட்டு அளவுக்குச் சுருக்கிவிட வரையறையே இடமளித்திருந்தது. ஒரு பைட்டு என்பது 256 வாய்ப்புகள் மட்டுமே. இக்குறைகளுக்குத் திருத்தங்கள் வந்துள்ளன. கைப்பேசிகள் திருத்தங்களைத் தாமே பெற்றுக்கொள்கின்றன. தராசு, அச்சுப்பொறி போன்றவை ஒருமுறை விற்கப்பட்ட பின் திருத்தம் பெறுவது அரிது.

நியாய விலைக் கடையில்

தமிழ்நாட்டில் 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. விற்பனை முனையக் கருவி அட்டையை அடையாளம் கண்டு, உரிமை அளவைக் காட்டி, பட்டியலைப் பதிவு செய்யும். எனினும் தராசு இதற்கு வெளியே தனித்து நின்றது. தராசில் நிறுத்த எடை ஒன்றாகவும் கருவியில் பதிவாகும் எடை வேறாகவும் இருக்க இடம் இருந்தது. 20 கிலோ எனப் பதிவாகி, பையில் அதற்குக் குறைவாக விழுந்தது என்னும் முறையீடு ரேஷன் கடை வரிசைகளில் பழையது.

2015ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு (மாநில அரசுகளுக்கு உதவி) விதிகளில் 2021 ஜூன் மாதம் மைய அரசு கொண்டுவந்த திருத்தம் இவ்விடைவெளியை நிரப்புவதை ஊக்குவித்தது. முனையக் கருவி வழி நடைபெறும் விற்பனைக்குக் குவிண்டாலுக்கு 17 ரூபாய் என வழங்கப்படும் கூடுதல் தொகையில் மிச்சப்படுவதை, மின்னணுத் தராசு வாங்கவும் அதனை முனையக் கருவியோடு இணைக்கவும் மாநிலங்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் 2025இல் தராசும் கருவியும் புளூடூத் வழியாக இணைக்கப்பட்டன. தராசு காட்டும் எடை விற்பனையாளரின் விரல் படாமல் நேரடியாகக் கருவிக்குச் செல்லும்; உரிய எடை வந்த பின்னரே பட்டியல் உருவாகும்.

இதன் உள்நிகழ்வு பின்வருமாறு அமையும். தட்டின் அடியிலுள்ள உலோகத் துண்டு பாரத்தால் மிக நுண்ணிய அளவு வளைகிறது. அதில் ஒட்டப்பட்ட மென்தகட்டின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் எண்ணாக்கப்பட்டு, தராசின் திரையில் கிலோவாகத் தோன்றுகிறது. அதே எண் சில எழுத்துருக்களாகப் புளூடூத் சில்லுக்குச் செல்கிறது. புளூடூத் முதலில் எதற்காக உருவாக்கப்பட்டதோ, அந்தத் தொடர்வரிசைக் கம்பியின் வேலையையே இங்குச் செய்கிறது. ஒவ்வொரு தரவுப் பொதியோடும் பிழைகாணும் எண் ஒன்று சேர்ந்து செல்கிறது. பொதி சிதைந்து வந்தால் மீண்டும் அனுப்பப்படுகிறது. வழியில் 18 என்பது 20 ஆகிவிட இயலாது. இவ்வளவில் தொழில்நுட்பம் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது.

இணைப்பு நடைமுறைக்கு வந்தபின் விற்பனையாளர்கள் காலத் தாழ்வு குறித்து முறையிட்டனர். பழி பெரும்பாலும் புளூடூத்தின்மீது விழுந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் இது முழுதும் பொருந்தவில்லை. நிறுவப்பட்ட இணைப்பில் '20.000' என்னும் செய்தி செல்ல ஒரு நொடியின் நூற்றில் சில பங்கே ஆகும். அறுந்த இணைப்பு மீண்டும் கூடச் சில நொடிகள் ஆகலாம். தாமதத்தின் பெரும்பங்கு வேறிடத்தில் உள்ளது. முன்பு விற்பனையாளர் பட்டியலிடும்போதே கட்டுநர் அரிசியை நிறுத்துக் கொட்டுவார்; இரு வேலையும் ஒரே நேரத்தில் நடந்தன. இப்போது அரிசி, சர்க்கரை, பருப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து, எண் அசையாமல் நின்று, கருவி ஏற்றுக்கொண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கைப்பிடி அரிசி கூடினாலும் குறைந்தாலும் எடுத்தும் போட்டும் சரிசெய்ய வேண்டும். இணையாக நடந்த இரு வேலைகள் வரிசையாக மாறிவிட்டன. கம்பியைக் கொண்டு இணைத்திருந்தாலும் இத்தாமதம் இருக்கும். கருவியின் விரைவைக் கூட்டுவதால் இது தீராது. கூடுதல் ஆளோ கூடுதல் தராசோ வேண்டும். இணைப்பின் செலவைக் கணக்கிட்டவர்கள் வரிசையில் நிற்போரின் நேரத்தையும் அதில் சேர்த்திருக்க வேண்டும்.

நகர்ப்புறத்தில் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இரு கடைகள் இயங்குவதுண்டு. பத்து மீட்டர் எல்லைக்குள் இரு தராசுகளும் இரு கருவிகளும் இருந்தால் எது எதனோடு பேசுகிறது என்பது முதன்மையாகிறது. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 பிட்டு முகவரி உண்டு; முனையக் கருவி ஒரு முகவரியை மட்டும் ஏற்குமாறு அமைத்தால் குழப்பம் இல்லை. அந்த அமைப்பைச் செய்வது யார், பழுதான தராசுக்கு மாற்றுத் தராசு வரும்போது அதனை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பவை தொழில்நுட்ப வினாக்களல்ல, நிருவாக வினாக்கள். முறைகேட்டுக்கான வாயில், இருந்தால், காற்றில் செல்லும் அலையில் இருப்பதைவிட இங்கு இருக்கவே வாய்ப்பு மிகுதி.

தராசு அறியாதவை

தட்டின்மேல் வைக்கப்பட்டது அரிசியா கல்லா என்பது தராசுக்குத் தெரியாது. எடை மட்டுமே அது அறியும். நிறுத்த அரிசி முழுதும் அட்டைதாரரின் பையில் விழுந்ததா என்பதும் தெரியாது. அளவுத்திருத்தம் கெட்ட தராசு 19 கிலோவை 20 எனக் காட்டினால், புளூடூத் அந்த 20ஐ ஒரு பிட்டும் சிதையாமல், மறையாக்கம் செய்து, பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும். பொய் கெட்டிப்பட்டுப் பதிவேட்டில் ஏறும். முன்பு கையால் எழுதப்பட்ட 20ஐ அட்டைதாரர் ஐயுறலாம். கருவியே சொல்லும் 20ஐ ஐயுறுவது கடினம். இணைப்பினால் பதிவின் மதிப்பு உயர்கிறது. ஆகவே தராசின் நேர்மையைச் சோதிக்கும் கடமையும் அதே அளவு உயர்கிறது.

அக்கடமைக்கான சட்டம் உள்ளது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் மின்னணுத் தராசுகள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு தொழிலாளர் துறையிடம் உள்ளது. முத்திரையிட்ட எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்கும் அந்தப் பழைய முறைக்கு மாற்றாக எந்தக் கம்பியில்லா நுட்பமும் இன்னும் வரவில்லை. முத்திரையின் ஆண்டும் அடுத்த சரிபார்ப்பு நாளும் முனையக் கருவியில் பதிவாகி, நாள் கடந்த தராசின் எடையைக் கருவி ஏற்க மறுக்கும்படி செய்வது மென்பொருளளவில் எளிய செயல். இணைப்பு இருக்குமிடத்தில் இதற்குத் தனிச் செலவும் பெரிதாக இராது.

மற்றொரு வினா கடைக்கு வெளியே நிற்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் பெரும்பாலான நியாய விலைக் கடைகளுக்குப் பொருள்கள் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குகளிலிருந்து மூட்டைகளாக வருகின்றன. மூட்டைகள் குறைவான எடையுடன் வருகின்றன, அவற்றைச் சரியான எடையில் தர வேண்டும் என்பது கடைப் பணியாளர் சங்கங்களின் நெடுநாளைய கோரிக்கை. ஐம்பது கிலோ எனக் கணக்கில் ஏறும் மூட்டையில் எடை குறைந்திருந்தால், அக்குறையை முன்பு விற்பனையாளர் அட்டைதாரர்களிடையே பகிர்ந்துவிட இயன்றது; அதுவே வரிசையில் நின்றவரின் முறையீடாயிற்று. இப்போது கருவி அதனை அனுமதிப்பதில்லை. குறை கடையிலேயே தங்கி, மாத இறுதியில் விற்பனையாளரின் இருப்புக் கணக்கில் வந்து நிற்கும். அதனை ஈடுசெய்யும் பொறுப்பும் அவர்மீதே விழும்.

சங்கிலியின் கடைசிப் பத்தடியில் மட்டும் எடை கருவியால் பதிவாகிறது. கிடங்கில் மூட்டை ஏற்றப்படும் இடத்திலும், கடை வாயிலில் இறக்கப்படும் இடத்திலும் அதே வகைத் தராசை அதே வகை இணைப்போடு வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. கடைத் தராசு ஒரு நாளில் பன்னூறு முறை பேச வேண்டியிருக்க, இறக்குமிடத் தராசு மூட்டைக்கு ஒருமுறை பேசினால் போதும். அவ்வாறு மூன்று இடங்களிலும் பதிவான எடைகளை ஒப்பிட்டால்தான், குறைந்த அரிசி எந்த இடத்தில் குறைந்தது என்னும் வினாவுக்கு விற்பனையாளரும் அட்டைதாரரும் ஒரே விடையைப் பெற இயலும்.